தேயிலைத் தொழிற்சாலையில் ஓட்டிசம் உள்ள ஒருவர், ஏடிஎச்டி உள்ள ஒருவர்: ஜொப் கோச் எங்கிருந்து தொடங்குவது?

மலைச்சாரல், ஹட்டன்

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு பேருக்கு ஜொப் கோச்சாக (வேலையிடத்தில் கூடவே நின்று வேலை பழக்குபவராக) இருக்கும் பொறுப்பு அடுத்த மாதம் தொடங்குகிறது.

ஒருவர் 23 வயதுத் தம்பி, ஓட்டிசம் உள்ளவர். பெக்கிங்கில் மூட்டை நிரப்புகிறார். நிறை பிடிப்பதில் படு சுத்தம், இதுவரை ஒரு மூட்டைகூடத் திரும்பி வரவில்லையாம். ஆனால் பிஓபி (ஒரு தேயிலை ரகம்) நிரப்பிக்கொண்டிருக்கும்போது "அத விட்டுட்டு டஸ்டுக்கு வா" என்று பொடி ரகத்துக்கு மாறச் சொன்னால் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறார். சுப்பவைசர் சத்தம் போட்டால் வெளியே நடந்துவிடுகிறார். இந்த மாதம் மட்டும் மூன்று தடவை அரைப்பேர் (அரை நாள் சம்பளம் மட்டும்) விழுந்திருக்கிறது.

மற்றவர் 27 வயதுப் பிள்ளை, ஏடிஎச்டி (கவனத்தைக் கட்டுப்படுத்துவதில் சிரமம்) உள்ளவர். ஒபிஸில் கொழுந்து நிறைத் துண்டுகளை (நிறுவைச் சீட்டுகளை) கணினியில் ஏற்றுகிறார். காலையில் கை பறக்கிறது. இடையில் யாராவது கூப்பிட்டால் விட்ட இடம் தெரியாது. இலக்கம் முன்பின்னாக விழுந்து, மாத முடிவில் செக்ரோலோடு (சம்பளப் பதிவேட்டோடு) ஒத்துப்போவதில்லை.

நிர்வாகம் சொல்வது "ஆறு மாசத்துல ரெண்டு பேரையும் திருத்திக் குடுங்க". வாசிக்கக் கிடைப்பதெல்லாம் ஏசி போட்ட ஒபிஸுக்கு எழுதியவை. முதல் வாரம் என்ன செய்வது, என்ன தாள் வைத்திருப்பது, எப்போது விலகுவது என்று நடைமுறையாகச் சொல்லுங்கள். சுப்பவைசர் பாதி சிங்களம், பாதி தமிழில் பேசுபவர்.

படிக்கட்டு, பண்டாரவளை

முதல் வாரம் அந்தத் தம்பிக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நீங்கள் வேலை பழகுங்கள். ஓவர்கோட், தொப்பி, மாஸ்க் போட்டு ஒரு நாள் முழுக்க மூட்டை நிரப்பினால்தான் எந்த இடத்தில் தூசி கண்ணில் விழுகிறது, தராசின் இலக்கம் எந்தக் கோணத்தில் தெரியாமல் போகிறது என்பதெல்லாம் பிடிபடும். குறைந்தது மூன்று தடவை நீங்களே செய்துவிட்டு, பிறகு படிகளை எழுதுங்கள். மூட்டை நிரப்பல் ஏறத்தாழ இப்படி விழும்:

மூட்டையில் அடித்திருக்கும் ரகம், இன்வொய்ஸ் (ஒன்றாகப் போகும் மூட்டைத் தொகுதி) இலக்கம், மூட்டை இலக்கம் மூன்றையும் பார்.
மூட்டையைத் தராசில் வை. பூச்சியம் ஆக்கு.
வாயை விரித்துப் பிடி. தேயிலைத் தொட்டியின் கதவைத் திற.
நிறைக்கு 2 கிலோ இருக்கும்போது கதவை மூடு.
மூட்டையைக் குலுக்கு. மிச்சத்தை அள்ளுகரண்டியால் போடு.
இலக்கம் ஆடாமல் நிற்கும்வரை கையை எடுத்துவிட்டு நில்.
வாயை மடி, ஒட்டு. புத்தகத்தில் குறி. மூட்டையைப் பலகையில் வை.

உங்கள் இடத்தில் ஒன்றிரண்டு மாறும். முக்கியமானது கடைசி வரி. எது செய்தால் வேலை முடிந்தது என்பது தாளில் இருக்க வேண்டும்.

இந்தப் படிகளை இடது பக்கம் எழுதி, மேலே திகதி போட்டு ஒரு கட்டத்தாள் செய்யுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எழுத்து. தானாகச் செய்தால் "தா", கைகாட்டியபின் செய்தால் "கா", செய்து காட்டியபின் என்றால் "செ", வாயால் சொன்னபின் என்றால் "சொ". தொடர்ந்து மூன்று நாள் "தா" விழுந்த படியை அப்புறம் தொடவே வேண்டாம். நாலு நாளாக ஒரே படியில் "சொ" நிற்கிறதென்றால் அந்தப் படி பெரிதாக இருக்கிறது, இரண்டாக உடையுங்கள். அல்லது வெளிச்சமோ தராசின் உயரமோ சரியில்லை.

உதவியின் வரிசையில்தான் அதிகம் பேர் சறுக்குவது. முதலில் ஒன்றும் செய்யாமல் 5 விநாடி காத்திருங்கள். பிறகு பொருளைக் காட்டுங்கள். பிறகு செய்து காட்டுங்கள். வாய்ச்சொல் கடைசி. கை காட்டுவதை நாளுக்கு நாள் சுருக்கலாம்: முழுக் கை, ஒரு விரல், பார்வை, அப்புறம் ஒன்றுமில்லை. குரலை அப்படிச் சுருக்க முடியாது. "இப்ப ஒட்டு" என்று பத்து நாள் சொன்னால் பதினோராம் நாளும் அந்தச் சொல் வரும்வரை காத்துக்கொண்டு நிற்பார். உங்கள் குரல் எட்டாவது படியாகிவிடும்.

இனி அந்த உறைந்து நிற்கிற விசயம். 20 மூட்டை இன்வொய்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 14 முடிந்திருக்கிறது. லொறி வந்துவிட்டது, டஸ்ட் முதலில் போகவேண்டும் என்று டீமேக்கர் (தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பானவர்) சொல்லிவிடுகிறார். நமக்கு அது வேலை மாற்றம். அவருக்கு, முடிவு தெரிந்த ஒரு வேலை நடுவில் காணாமல் போகிறது. போதாததற்கு, டஸ்ட் பொடி அடர்த்தி கூடியது. அதே மூட்டைக்கு வேறு நிறை. கையில் ஊறிய இலக்கத்தையும் மறக்கச் சொல்கிறோம். 5 விநாடியில் இத்தனையும் மாற வேண்டுமென்றால் யாருக்கும் கொஞ்சம் திகைப்பு வரத்தான் செய்யும், அவருக்குக் கூடுதலாக வருகிறது.

மூன்று ஏற்பாடு செய்யுங்கள். ஒன்று, தொட்டிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு "விட்ட இடம்" பலகை: "பிஓபி. 14 முடிந்தது. மிச்சம் 6. டஸ்டுக்குப் பிறகு." எழுதுவது அவரே. இரண்டு, "இப்போ", "அடுத்து" என்று இரண்டு கொக்கி. ரகத்துக்கொரு நிற அட்டை, அட்டையிலேயே நிகர நிறை. டீமேக்கரோ சுப்பவைசரோ வாயைத் திறக்கும் முன் "அடுத்து" கொக்கியில் அட்டையை மாட்ட வேண்டும். மூன்று, முன்னறிவிப்பு நிமிடத்தில் வேண்டாம், மூட்டையில் சொல்லுங்கள். "இன்னும் 10 நிமிசம்" என்பது கண்ணுக்குத் தெரியாது. "இன்னும் 3 மூட்டை, பிறகு டஸ்ட்" என்றால் எண்ணிக்கொண்டே வருவார்.

மாற்றத்தை நெருக்கடி நேரத்தில் மட்டும் செய்தால் அது என்றைக்கும் கெட்ட செய்திதான். லொறி எதுவும் வராத நாளில், காலை 10 மணிபோல, தினம் ஒரு சின்ன மாற்றம் வேண்டுமென்றே செய்து பழக்குங்கள். மாறி, 2 மூட்டை நிரப்பி, பலகையைப் பார்த்துப் பழைய இடத்துக்கே திரும்பி வருவது. திரும்பி வருவதுதான் பாடம்.

ஒரு எச்சரிக்கை. படிகள் எழுதிய தாளைச் சுவரில் குண்டூசியால் குத்தாதீர்கள், ஸ்டேப்ளரும் வேண்டாம். தேயிலைக்குள் கம்பி விழுந்தால் பழி அந்தத் தாளுக்கே போகும், பலகையும் சேர்த்துக் கழற்றிவிடுவார்கள். துளை போட்டுக் கயிறால் கட்டுங்கள். பளபளப்பான லெமினேட் டியூப் வெளிச்சத்தில் மின்னும், மங்கலான தாளே நல்லது. இடம்: தராசு இலக்கத்துக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில். முதுகுக்குப் பின்னால் உள்ள தாளை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ரெட்டை நாக்கு, வெலிமடை

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் முதலில் பயிற்சி கொடுக்கவேண்டிய ஆள் சுப்பவைசர். 45 நிமிடம் வீதம் இரண்டு தடவை போதும், பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்தபின் அல்லது தேத்தண்ணி நேரத்துக்குப் பிறகு.

முதல் தடவை சொற்களை எண்ணுங்கள். பெக்கிங்கில் ஒரே சாமானுக்கு மூட்டை, பேக், கோனிய என்று மூன்று பெயர் ஓடும். கட்டடத்துக்கு இஸ்டோர், பெக்டரி. இதைவிட மோசம் "தூள்". நாம் தேயிலை முழுவதையும் தூள் என்கிறோம், டஸ்ட் ரகத்தையும் தூள் என்கிறோம். "தூள கட்டிரு" என்றால் எதைக் கட்டுவது? சூழ்நிலையை வைத்து ஊகிக்கிறவருக்குச் சிக்கல் இல்லை. சொன்னதைச் சொன்னபடியே எடுப்பவருக்கு அது இரண்டு உத்தரவு. பெக்கிங்கில் உள்ள சாமான்கள், ரகங்கள், இடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர் என்று ஒரு பட்டியல் போட்டு, சுப்பவைசர், டீமேக்கர், பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாரும் அதையே சொல்ல வையுங்கள். 25 சொல்லுக்கு மேல் வராது. சிங்களச் சொல்தான் எல்லாருக்கும் பழக்கம் என்றால் அதுவே இருக்கட்டும். எந்த மொழி என்பது பிரச்சினை இல்லை, ஒன்றாக இருக்கவேண்டும்.

இரண்டாம் தடவை வசனம். என்ன, எத்தனை, எதுவரை, முடிந்ததும் என்ன என்ற நாலு விடயமும் உத்தரவில் இருக்கவேண்டும். "அங்கிட்டுக் கொஞ்சம் பாத்துக்க" என்பதில் நாலும் இல்லை. "தம்பி, இந்த 3 மூட்டைக்கு லேபல் ஒட்டு. ஒட்டிட்டு என்கிட்ட வா" என்பதில் நாலும் இருக்கிறது. முதலில் ஆளைக் கூப்பிட்டு, அவர் திரும்பும்வரை நின்றுவிட்டு, பிறகு சொல்லவேண்டும். ரோலர் ஓடும்போது தூரத்திலிருந்து கத்துவது அவர் காதில் வெறும் கோபமாகத்தான் விழும்.

இன்னொன்று, இது நம்ம பக்கத்துக்கே உரியது. "விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை மேலாளைப் பார்த்து "இல்லைங்க" என்று சொல்லாது. "ஆமாங்க" என்று வரும், ஒன்றும் விளங்கியிருக்காது. "முதல்ல என்ன செய்யப் போற?" என்று கேளுங்கள். பதில் வந்தால் விளங்கியிருக்கிறது.

கண்ணைப் பார்க்காததை ஒருவரும் குறையாக எடுக்காத ஊர் நம்முடையது, அது ஒரு வசதி. கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்குகிறேன் என்று யாராவது கோச் கிளம்பினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். வேலைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, களைப்பு மட்டும் மிஞ்சும்.

தராசுமுள், கண்டி

ஒபிஸ் பிள்ளையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

"கவனமா செய்" என்பது ஏடிஎச்டிக்கு மருந்தல்ல. அங்கே சறுக்குவது கவனத்தின் அளவு அல்ல, அதை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்ற கட்டுப்பாடு. அத்தோடு வேலை ஞாபகம். கையிலிருக்கும் மூன்று நான்கு தகவலைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடம் சின்னது, யாராவது கூப்பிட்டதும் அது கொட்டிப்போகிறது. ஆகவே ஞாபகத்தை மண்டையிலிருந்து மேசைக்கு மாற்றவேண்டும்.

துண்டுகளை 20 வீதம் கட்டுங்கள். ஏற்றுவதற்கு முன், கல்குலேட்டரில் அந்த 20இன் கூட்டுத்தொகையைப் போட்டுக் கட்டின் மேல் எழுத வேண்டும், முடிந்தால் வேறொருவர். ஏற்றியதும் திரையில் வரும் கூட்டுத்தொகை அதோடு ஒத்துப்போனால் கட்டு "முடிந்தது" பெட்டிக்குப் போகும். ஒத்துப்போகாவிட்டால் தேடவேண்டியது 20 துண்டு மட்டுமே. மாத முடிவில் ஆயிரக்கணக்கில் தேடுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய கணக்கப்பிள்ளைமார் சூத்திரம் ஒன்றும் இங்கே உதவும். வித்தியாசத்தைப் புள்ளி இல்லாமல் எழுதினால் 9ஆல் மீதியின்றிப் பிரிகிறதா என்று பாருங்கள். 15.8 கிலோவை 18.5 என்று அடித்திருந்தால் வித்தியாசம் 2.7, 27 என்பது 9ஆல் பிரியும். அப்படிப் பிரிந்தால் பெரும்பாலும் இலக்கம் முன்பின்னாகியிருக்கும், அல்லது புள்ளி தள்ளியிருக்கும். பிரியாவிட்டால் ஒரு துண்டு விடுபட்டதா, இரண்டு தடவை விழுந்ததா என்று பாருங்கள். இதை அவருக்கே சொல்லிக்கொடுங்கள். தன் பிழையைத் தானே 2 நிமிடத்தில் பிடிக்கிறவரை ஒருவரும் கவனமில்லாதவர் என்று சொல்லமாட்டார்கள்.

குறுக்கீட்டுக்கு ஒரு அடிமட்டம் போதும். யார் கூப்பிட்டாலும், தலையை நிமிர்த்துவதற்கு முன் ஏற்றிய கடைசித் துண்டின்மேல் அடிமட்டத்தை வைப்பது. கை அதைச் செய்தபின்தான் வாய் பதில் சொல்லும். பத்துப் பதினைந்து நாள் உங்கள் முன்னாலேயே வேண்டுமென்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்குங்கள். மேசையில் சிவப்பு அட்டை நிமிர்ந்திருந்தால் கட்டு முடியும்வரை யாரும் கூப்பிடக்கூடாது என்றும் ஒரு ஒப்பந்தம் வேண்டும். சிவப்பு நாள் முழுக்க நிமிர்ந்தே இருந்தால் இரண்டாம் நாளே ஒருவரும் மதிக்கமாட்டார்கள். ஒரு கட்டுக்கு ஒரு தடவை இறக்கவேண்டும்.

நேரம். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அதை அப்படியே போடாதீர்கள். மூன்று நாள், முதல் பிழை எத்தனையாவது நிமிடத்தில் விழுகிறது என்று குறியுங்கள். 18இல் என்றால் 15இல் நிறுத்துங்கள். 40வரை பிழையே இல்லையென்றால் 25இல் மறிப்பது ஓடும் வண்டிக்குக் கட்டை வைப்பதுதான். டைமர் போனில் வேண்டாம், குசினிக்கு வாங்குகிற முறுக்கு டைமர் நல்லது. போனைத் தொட்டால் மணி பார்க்கப் போனவர் வேறு எங்கோ நிற்பார்.

காலையில் வேகம் என்றீர்கள். அப்படியானால் பின்னேர நிறுவைத் துண்டுகளை அன்றே ஏற்றச் சொல்லாமல் மறுநாள் காலை முதல் கட்டாக வையுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு பைல் அடுக்குவது, தொலைபேசி. சம்பளம் 10ஆம் திகதி என்பதால் 3ஆம் திகதி தர வேண்டும் என்று போலிக் கெடு வைத்துப் பயனில்லை, போலி என்று தெரிந்த கெடு மண்டையில் ஏறாது. தினம் 11.30க்கு முடிந்த கட்டுகளை செக்ரோல் கிளாக்கர் கையில் கொடுக்கவேண்டும் என்று வையுங்கள். காத்திருக்கும் ஒரு மனுசர்தான் உண்மையான கெடு.

பிழை விழுந்த நேரத்தில் "இன்னைக்கு மருந்து போட்டியா?" என்று யாரும் கேட்கக்கூடாது. மருந்து அவருக்கும் டாக்டருக்கும் இடையிலானது.

லயத்து முற்றம், தலவாக்கலை

ரெட்டை நாக்கு சொன்ன "பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாரும்" என்பதில் எனக்கு ஒரு கவலை. எல்லாருக்கும் சொற்பட்டியலைக் கொடுக்கலாம், காரணத்தைக் கொடுக்கக்கூடாது. பெக்டரியில் காலை 9 மணிக்குச் சொன்னது பின்னேரம் லயத்துக்கு (தோட்டக் குடியிருப்புக்கு) வந்துவிடும், வரும் வழியில் "ஓட்டிசம்" என்பது "லூசு" ஆகியிருக்கும். ஓட்டிசம், ஏடிஎச்டி என்ற பெயர் யாருக்குத் தெரியலாம் என்பதை அந்த இருவரும் முடிவு செய்யவேண்டும். பெயர் பெயராக எழுதி ஒப்பம் வாங்குங்கள்: மேனேஜர் ஓமா, சுப்பவைசர் ஓமா, கூட வேலை செய்பவர்கள் ஓமா. மற்றவர்களுக்கு "மூட்டைக் கணக்கில சொன்னா இவருக்குச் சுகம்" என்பது போதும். இன்னும் நல்லது, கொக்கி அட்டையை பெக்கிங் முழுவதற்கும் போட்டுவிடுவது. எல்லாருக்கும் பிழை குறையும், ஒருவரைத் தனியாகக் காட்டவும் செய்யாது.

வீட்டாரைப் பற்றி. தம்பியின் அம்மா கேட் வரைக்கும் வந்து, அவருக்குப் பதிலாகத் தானே பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். அன்பில் செய்வதுதான். ஆனால் சுப்பவைசர் அம்மாவிடம் முறையிடும் பழக்கம் வந்துவிட்டால் 23 வயது ஆள் பள்ளிக்கூடப் பிள்ளையாகிவிடுகிறார். வேலை விடயம் அவரோடு, அவர் சொன்னால் மட்டும் வீட்டோடு.

அரைப்பேர் விடயத்தை நிர்வாகத்திடம் முதல் கூட்டத்திலேயே பேசுங்கள். 20 நிமிடம் வெளியே நின்றதற்கு அரை நாள் சம்பளம் போனால், அடுத்த தடவை மாற்றம் வரும்போது பயமும் சேர்ந்து வரும். 6 மாதமும் "பயிற்சி" என்று சொல்லிக் கைச்செலவுக் காசு கொடுக்கும் திட்டம் வந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதே வேலைக்கு அதே சம்பளம், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) முதலாளி 3 வீதம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலதுகுறைந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வேலைக்குச் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. அடிக்கடி சொல்லப்படும் 3 வீத ஒதுக்கீடு 1988 சுற்றறிக்கையில் வந்தது, அரச துறைக்கும் கூட்டுத்தாபனங்களுக்கும்தான். தனியார் தொழிற்சாலையில் போய் அதைச் சொல்லி வாதாடாதீர்கள், மற்றதையும் நம்பமாட்டார்கள்.

மலைச்சாரல், ஹட்டன்

எல்லாருக்கும் பெரிய நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். பலகை, அட்டை எல்லாம் இருந்தும் ஒருநாள் தம்பி உறைந்து நின்றால் அந்த நிமிடம் என்ன செய்வது? சிஃப்டர் (தேயிலை சலிக்கும் இயந்திரம்) சத்தமும் ஒரு காரணமோ என்று சந்தேகம். மற்றது, நான் எப்போது விலகுவது?

படிக்கட்டு, பண்டாரவளை

உறைந்து நிற்கும்போது காதில் விழும் பேச்சு அவருக்கு இன்னொரு சுமை. ஆகவே கேள்வி வேண்டாம், தொடவும் வேண்டாம், ஒரே ஆள் மட்டும் பக்கத்தில் நிற்கட்டும். "வெளியே" என்று ஒரு அட்டை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள், அதைக் காட்டினால் போகும் இடமும் ஒன்றாகவே இருக்கவேண்டும்: வெயிலும் மழையும் படாத, டிரையர் சூடு வராத ஒரு வாங்கு. 15, 20 நிமிடம். திரும்பி வந்ததும் டஸ்டுக்கு அனுப்பாதீர்கள். அவருக்கு நன்றாகத் தெரிந்த முதல் படியில் ஒரு மூட்டை, அதற்குப் பிறகு மாற்றம். நடந்ததை அன்றே விசாரிக்க வேண்டாம். மறுநாள், "இப்போ" கொக்கியில் என்ன இருந்தது, யார் எப்படிச் சொன்னார் என்று மட்டும் குறியுங்கள். நாலைந்து குறிப்பு சேர்ந்தால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும்.

சத்தத்தைச் சோதிக்க எளிய வழி: ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அது 85 டெசிபல் பக்கம். அங்கே எல்லாருக்கும் காதுக் காப்பு வேண்டும், அவருக்கு மட்டுமல்ல. சின்னப் பஞ்சு அடைப்பான் தேயிலையில் விழும். உணவுத் தொழிற்சாலைக்கென்று வரும் நீல நிற, கயிறு கோத்த, மெட்டல் டிடெக்டரில் தெரியும் வகையைக் கேளுங்கள், அல்லது தலைக்குமேல் போடும் மஃப். மஃப் போட்டால் பின்னால் வரும் ட்ரொலி கேட்காது. ட்ரொலிப் பாதையைத் தரையில் மஞ்சள் கோட்டால் பிரித்துவிட்டு, அவரைக் கூப்பிடுகிறவர் முன்பக்கமாக வந்து கையை ஆட்ட வேண்டும் என்று சொல்லிவையுங்கள். மாஸ்க் பட்டி காதை அறுக்கிறதா என்றும் பாருங்கள். பல நேரம் சத்தத்தின்மேல் போடும் பழி அதற்கு உரியது, தலைக்குப் பின்னால் கட்டும் வகைக்கு மாற்றினால் தீர்ந்துவிடும்.

விலகுவதை முதல் நாளே திகதி போட்டு எழுதுங்கள். முதல் 2 வாரம் முழுநேரம். 3, 4 அரைநாள். 5இலிருந்து 8வரை வாரம் இரண்டு நாள், பிறகு வாரம் ஒரு தடவை, நாலாம் மாதத்திலிருந்து மாதம் ஒரு தடவை. அதற்குள்ளும் படிப்படியாக நகரவேண்டும்: முதலில் தோள் பக்கம், பிறகு பின்னால், பிறகு மூலையில், பிறகு ஒபிஸில். நீங்கள் மூலைக்குப் போன அன்று சுப்பவைசர் தம்பியைக் கேட்காமல் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார். அங்கிருந்தே கொக்கியைக் கைகாட்டுங்கள்.

இந்த 6 மாதத்துக்குள் ஏப்ரல், மே விழுந்தால் அந்த இரண்டு மாதமும் அட்டவணையைத் தளர்த்துங்கள். கொழுந்து கூடி, ஷிஃப்ட் நீண்டு, ரகம் மாறும் தடவையும் கூடும். அப்போது வாரம் ஒன்று என்பதை இரண்டாக்குங்கள். தாளில் "தா" குறைந்தால் பழகியது மறந்துபோச்சு என்று யாராவது சொல்வார்கள். அந்த வாரம் எத்தனை தடவை ரகம் மாறியது என்ற எண்ணிக்கையையும் தாளின் அடியில் எழுதி வைத்திருங்கள், அதைக் காட்டலாம்.